குளத்து மரத்தை ஏலம் விடுறதுக்கு முன்ன கூடு இருக்கான்னு கேட்டுட்டு விடச் சொல்லி கோரிக்கை மனு

அனுப்புநர்: தாமிரபரணி பாசனக் குளத்து விவசாயிகளும், வருஷாவருஷம் பறவை கணக்கெடுக்கப் போற பசங்களும், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், ஆட்சியர் அலுவலகம், கொக்கிரகுளம், திருநெல்வேலி.

பொருள்: குளத்துல மரம் வெட்டுறதுக்கும் தூர் வாருறதுக்கும் முன்னாடி பறவை ஆராய்ச்சி மையத்தோட தகவலைக் கேட்டு வாங்குறது தொடர்பா.

கலெக்டர் ஐயாவுக்கு வணக்கம்.

திங்கக்கிழமை மனு நாள்ல வரிசையில நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கிற விஷயம் இல்லைங்கிறதால கொஞ்சம் நீளமாவே எழுதிருக்கோம், பொறுத்துக்கிடணும். எங்க கோரிக்கை ஒண்ணுதான். குளத்து வேலைக்கு லிஸ்ட் தயாராகும்போதே, அந்தக் குளத்துல பறவை கூடு கட்டிருக்கா இல்லையான்னு மணிமுத்தாறுல இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்துக்கிட்ட கேட்டு, எழுத்துல பதில் வாங்கிட்டு, அப்புறம் டெண்டரோ ஏலமோ விடணும்னு நீங்க ஒரு உத்தரவு போடணும்.

அந்த மையத்தைப் பத்தி உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு சொல்ல முடியாது, அதனால சுருக்கமா சொல்லிடுறோம். பெங்களூர்ல 1996ல ஆரம்பிச்ச ஏட்ரீங்கிற லாப நோக்கம் இல்லாத ஆராய்ச்சி நிறுவனம் இங்க நடத்துற மையம் அது. 2011ல இருந்து ஜனவரி மாசத்துல தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்புன்னு ஒண்ணு நடத்துறாங்க, நம்ம மாவட்டம், தூத்துக்குடி, இப்ப தனியா பிரிஞ்ச தென்காசின்னு மூணு பக்கமும் உள்ள குளத்துக்கெல்லாம் டீம் பிரிஞ்சு போகும். காலேஜ் பிள்ளைங்க, வாத்தியாருங்க, போட்டோ எடுக்கிறவங்க, எங்களை மாதிரி வயக்காட்டு ஆளுங்கன்னு எல்லாரும் கலந்துதான் போறோம், யாருக்கும் சம்பளம் கிடையாது, நிறைய பேரு சொந்த வண்டியில சொந்த பெட்ரோல்ல வாரவங்கதான்.

எப்படி எண்ணுறாங்கன்னு ஒரு தடவை கூட வந்து பார்த்தா இது ஏதோ பொழுதுபோக்குன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. விடிஞ்சும் விடியாம கரைமேல ஏறி, வெயில் முகத்துல அடிக்காத பக்கமா நின்னுக்கிட்டு, ஒருத்தர் டெலஸ்கோப்ல பார்த்து சொல்ல இன்னொருத்தர் பாரத்துல எழுதணும். நாமக்கோழி மாதிரி ஆயிரக்கணக்குல கிடக்கிறத ஒவ்வொண்ணா எண்ண முடியாது, முதல்ல பத்து பறவை எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு கண்ணுல பிடிச்சுக்கிட்டு, அதை வச்சு நூறு, அந்த நூறை வச்சு மொத்தக் கூட்டம்னு போகணும். பாதியில ஒரு பருந்து வந்துருச்சுன்னா எல்லாம் எந்திரிச்சுப் பறந்துரும், மறுபடி ஒண்ணுல இருந்துதான். இப்படி சேர்த்த தகவல் ரிப்போர்ட்டா வருது, பேப்பர்லயும் நியூஸ் போடுறாங்க. ஆனா குளத்து மரத்துக்கு ஏலம் விடுற டேபிளுக்கு மட்டும் அது வந்து சேர மாட்டேங்கு, எங்க வருத்தமே அதுதான்.

இப்ப மரத்து விஷயத்துக்கு வாரோம். நம்ம குளத்துக்குள்ள நிக்கிற நாட்டுக் கருவேலம் நிறைய 1980கள்ல சமூகக் காடு திட்டத்துல வச்சது, மாசக்கணக்குல தண்ணிக்குள்ள நின்னாலும் சாகாது. சுத்தி தண்ணி நிக்கிறதால பூனை நாய் கிட்ட வர முடியாது, முள்ளு வேற இருக்கு, அதனால மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன் எல்லாம் ஒரே மரத்துல தட்டுத்தட்டா கூடு வைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில குளம் பெருகி மீன் சேர்ந்த பிறகுதான் அதுக குடும்பம் நடத்தவே ஆரம்பிக்கும், அதனால மாசி பங்குனியிலயும் குஞ்சு இருக்கும், சில குளத்துல சித்திரை வைகாசி வரைக்கும் பறக்கத் தெரியாம கூட்டுலதான் உக்காந்திருக்கும். நம்ம வேலையெல்லாம் எப்ப ஆரம்பிக்கும்? தண்ணி வத்துன உடனே, அதே பங்குனி சித்திரையில. ரெண்டும் ஒரே நேரத்துல வந்து மோதுது, இதுல யாரும் வேணும்னு செய்யுற தப்பு இல்ல, ஆனா கேட்டுட்டு செஞ்சா தவிர்க்கக்கூடியதுதான்.

எங்க பக்கத்து குளம் ஒண்ணுல போன கோடையில இதுதான் நடந்துச்சு. அடிமரத்துல பெயிண்ட்டால நம்பர் எழுதியிருந்தாங்க, அந்த நம்பருக்கு மேலேயே எச்சம் வழிஞ்சு வெள்ளையா கிடந்துச்சு, கீழ நத்தை ஓடு குவிஞ்சு கிடந்துச்சு, அண்ணாந்து பார்த்தா குஞ்சு கத்துற சத்தம். நம்பர் எழுதுனவரு மேல பார்க்கலையா, இல்ல பார்த்தும் எழுதச் சொன்னத எழுதுனாரான்னு தெரியல. வெட்ட வந்த ஆளுங்க சீமைக் கருவேலத்தையும் இதையும் சேர்த்தே சாய்ச்சுட்டாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல ஐயா, நாட்டுக் கருவேலத்துக்கு பூ மஞ்சளா உருண்டையா இருக்கும், காய் மணி கோத்தாப்ல இடையில இடையில ஒடுங்கி சாம்பலடிச்சு இருக்கும், சீமைக்கு பூ நீளமா திரி மாதிரி தொங்கும். சீமைக் கருவேலத்தை எடுக்கச் சொல்லி கோர்ட்டே சொல்லிருக்கு, அதை எடுங்க, நாங்களே கூட நிக்கோம்.

தூர் வாருறதுக்கும் நாங்க எதிரி இல்லன்னு இங்கயே சொல்லிடுறோம், ஏன்னா பறவை பேரைச் சொல்லி விவசாயி பிழைப்பக் கெடுக்காங்கன்னு ஒரு பேச்சு கிளம்பும். இந்த மனுவுல கையெழுத்து போட்டவங்கள்ல வண்டல் எடுக்க பர்மிட் கேட்டு அலைஞ்சவங்களும் இருக்கோம். குளத்துல மண்ணு மேடு தட்டிப்போயி கார் சாகுபடியே ஆடிக்கிட்டு நிக்கும்போது வேண்டாம்னு சொல்ல எங்களுக்கென்ன கிறுக்கா. கூடு இல்லாத பக்கத்துல முதல்ல தோண்டுங்க, கூடு உள்ள மரத்து திட்டை மட்டும் குஞ்சு பறந்த பிறகு பார்த்துக்கலாம், இதுதான் கேக்கோம். பறவை இருக்கிறதால நமக்கும் வரவுதான், எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம், நத்தைகுத்தி நாரை வயல்ல இறங்கி நத்தையப் பொறுக்கும். கூந்தன்குளத்துல ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடி போடாம இருக்கிறது ஊரறிஞ்ச விஷயம், 1994ல அது சரணாலயமாச்சு, இப்ப உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்திருக்கு. திருப்புடைமருதூர்ல கோயில் பக்கத்து மரத்துக்கு வார பறவைக்காக 2005லயே கன்சர்வேஷன் ரிசர்வ்னு, அதாவது சட்டப்படி பாதுகாக்கிற இடம்னு அறிவிச்சாங்க. இதெல்லாம் நம்ம மாவட்டத்துலேயே நடந்ததுதான். ஆனா பறவை சரணாலயத்துக்குள்ள மட்டும் இருக்கும்னு நினைச்சா தப்பு, அங்க தண்ணி குறைஞ்சா அதுக பேரில்லாத சாதாரண குளத்துக்குத்தான் வருது, அந்தக் குளத்தைப் பத்தி தகவல் வச்சிருக்கிறது இந்த மாதிரி கணக்கெடுக்கிற ஆளுங்க மட்டும்தான்.

சட்டமும் இதுக்கு இடம் குடுக்குது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைன்னா சுடுறது பிடிக்கிறது மட்டும் இல்ல, பட்டியல்ல உள்ள பறவையோட முட்டையையும் கூட்டையும் கலைக்கிறதும் அதுல சேர்த்திதான். பொது இடத்துல மரம் வெட்ட உங்க தலைமையில உள்ள மாவட்ட பசுமைக் குழுகிட்ட அனுமதி வாங்கணும்னும் இருக்கு. அந்தக் குழுவுக்கு வார ஃபைல்ல கூடு பத்தி ஒரு பக்கம் சேர்த்து வச்சாலே பாதி பிரச்சினை தீர்ந்துரும். மரத்துக்கு நம்பர் போடப் போற அன்னைக்கு மையத்து ஆளையோ எங்கள்ல ஒருத்தரையோ கூட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, நாங்க செலவு எதுவும் கேக்க மாட்டோம்.

ஆள் பத்தாது, நேரம் இல்லன்னு பதில் வரும்னு தெரியும். குளத்து லிஸ்டை ஒரு மெயில்ல அனுப்புறதுக்கு எத்தனை ஆள் வேணும்? மையத்துக்கும் ஒரு பத்து பதினஞ்சு நாள்னு கெடு வைங்க, அதுக்குள்ள பதில் தரலைன்னா நீங்க உங்க வேலையப் பாருங்க, நாங்க வந்து கேக்க மாட்டோம்.

வார கோடைக்கு லிஸ்ட் ரெடியாகுறதுக்கு முன்னாடி உத்தரவு வந்தாத்தான் பிரயோஜனம், அதனால இந்த மனுவ ஏதோ ஒரு துறைக்கு அனுப்பி வச்சுட்டு "நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது"ன்னு மட்டும் பதில் போட்டு முடிச்சுராம, என்ன முடிவு எடுத்தீங்கன்னு எழுத்துல தரும்படி கேட்டுக்கிடுதோம்.

இப்படிக்கு,
குளத்துப் பாசன விவசாயிகள், பறவை கணக்கெடுப்பு தன்னார்வலர்கள்

இணைப்பு: கையெழுத்துத் தாள்கள், நம்பர் போட்ட மரத்துல கூடு இருக்கிற போட்டோக்கள்