பின் உயரம்

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிறு

கண்ணு,

பொங்கலுக்கு 6 ஜாக்கெட் தைத்து வைக்கச் சொல்லியிருக்கிறாய். "பழைய அளவே போதும்மா" என்றும் எழுதியிருக்கிறாய். அந்த அளவில் தைக்க எனக்கு மனசு வரவில்லை.

போன மாதம் சீருக்கு வந்தபோது, பந்தியில் உன் பின்னால்தான் நின்றேன். ஜாக்கெட் முதுகில் மேலேறிக் கிடந்தது. கழுத்தோரம் படியாமல் இரண்டு விரல் விலகி நின்றது. குண்டாகிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். அதில்லை சாமி. உன் தோள் முன்னால் வந்துவிட்டது.

35 வருஷத்து அளவு நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நம் வீதி டீச்சரம்மாவுக்கு 40 வயதில் பின் உயரம், அதாவது பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகளவு, 14 இஞ்ச். 58 வயதில் 15. முன் உயரமோ முக்கால் இஞ்ச் குறைந்திருக்கிறது. மார்புச் சுற்றளவு அப்படியேதான் இருக்கிறது. முதுகு வளைய வளைய, பின்னால் நீளும், முன்னால் குறுகும். உனக்கு 43 வயதுதான். இப்போதே உன் முதுகு அந்த வழியில் போவது எனக்குக் கவலையாக இருக்கிறது.

தலை மட்டுமே ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் முதுகெலும்பு அதைச் சுமந்துகொள்ளும். முன்னால் சாயச் சாய, கழுத்துச் சதைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். மெஷினில் குனிந்து குனிந்து நான் பட்ட வலி உனக்குத் தெரியும். மோட்டார் போட்டபோதுதான் மெஷினுக்கு அடியில் பலகை கொடுத்து உயர்த்தினேன், அப்புறம்தான் கழுத்து அடங்கியது. நீயும் லேப்டாப்பைக் கண்மட்டத்துக்கு ஏற்றி வைத்து, தட்டுவதற்குத் தனியாக ஒரு கீபோர்டு வாங்கிக்கொள்.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேயும். முதுகெலும்பு அமுங்கினால் கூனும் விழும், உயரமும் குறையும். அந்தக் கூனை எந்த டெய்லராலும் மறைக்க முடியாது. ராகிக் களியை விட்டுவிடாதே, 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வெயிலில் நட.

என் அம்மா, உன் அம்மிச்சி, சோளத்தட்டுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் நடந்து வருவதைப் பார்த்திருக்கிறாயே. கழுத்து அசையாது. அவருக்கு இருந்ததே நாலு பருத்திச் சீலைதான். துவைத்து, உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைப்பார். மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால், பட்டுக் கட்டினவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். அழகாக உடுத்துவதை நான் கற்றது அவரிடம்தான்.

வயசுக்குத் தகுந்த மாதிரி மங்கலாகக் கட்டு என்று சொல்கிறவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அரக்கும் மயில்கழுத்தும் உனக்கு எப்போதும் எடுக்கும். ஆனால் கனமான ஜரிகைச் சேலையைக் குறைத்துக்கொள். கோவை கோரா காட்டன் வாங்கு, பட்டும் பருத்தியும் கலந்தது, தோளுக்குப் பாரமே இருக்காது. முதுகில் இறக்கி வெட்டி நாடா கட்டும் கழுத்து இனி வேண்டாம். தோளிலிருந்து நழுவுகிறதே என்று உன்னை அறியாமலே தோளைக் குறுக்கிக்கொள்கிறாய்.

தினமும் காலையில் சுவரில் சாய்ந்து நில். குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை நாலும் தொட வேண்டும். தாடையைத் தூக்காமல் தலை தொடுகிறதா என்று பார்த்து எனக்குச் சொல்.

அளவை மாப்பிள்ளையை எடுக்கச் சொல். பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை பின் உயரம், தோளிலிருந்து முன் உயரம், இரண்டும் வேண்டும். டேப் பிடிக்கும்போது மூச்சை இழுத்துக்கொண்டு நிற்காதே. எப்போதும் நிற்கிற மாதிரியே நில்.

அம்மா