பேஸ்மெண்ட் சுவரை மூடுவதற்கு முன்

அன்புள்ள ராகவா,

கடிதம் கிடைத்தது. மகள் படிக்கப் போனபின் வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். என் முழங்கால் இப்போது தேவலை.

சரி, வீட்டுக்கு அடியில் மண்ணுக்குள் இருக்கும் உன் பேஸ்மெண்ட் அறை விஷயத்துக்கு வருகிறேன். குளிரைத் தடுக்கச் சுவரை ஒட்டிக் கண்ணாடிப் பஞ்சு வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் அடிக்கப்போகிறேன் என்கிறாயே, தயவுசெய்து வேண்டாம். நான் அதையேதான் செய்தேன். ஐந்தாம் வருடக் கோடையில், படி இறங்கும்போதே ஒரு புழுங்கல் வாடை. ஒரு மூலையில் ஜிப்சம் போர்டைப் பெயர்த்தேன். தாளின் பின்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பஞ்சைப் பிழிந்தால் சொட்டியது. மரச்சட்டத்தின் அடிக்கட்டையை அழுத்தினால் நகம் உள்ளே இறங்கியது. கரும்பூஞ்சை முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது.

கான்கிரீட் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெளிப்பக்கம் மண் என்பதால் அது காய அறைப்பக்கம்தான் வழி. அந்த வழியை நான் தாள் போட்டு அடைத்துவிட்டேன். குளிர்காலத்தில் தொல்லை எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். 21 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்காற்று, சுமார் 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் வியர்த்துவிடும். பஞ்சு காற்றைத் தடுக்காது. தாளில் ஒரு கிழிசல் இருந்தாலும் காற்று பின்னால் போய்ச் சில்லிட்ட சுவரைத் தொடும்.

அதனால் ஃபோம் பலகையை நேராகக் கான்கிரீட்டிலேயே ஒட்டு. எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டியான ஃபோம் பலகை 2 அங்குலம் இருந்தால், வெப்பம் கடப்பதை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஆர் மதிப்பு 10 வரும். 8 அங்குல வெறும் கான்கிரீட் 2-ஐக்கூடத் தொடாது. இணைப்புகளில் டேப், ஓரங்களில் ஸ்ப்ரே ஃபோம். ஓர் இடுக்கு விடக்கூடாது. அப்புறம் மரச்சட்டம், அதன்மேல் ஜிப்சம் போர்டு. ஃபோமை அப்படியே விட்டால் தீ ஆபத்து, அதனால் போர்டைத் தவிர்க்காதே. பிளாஸ்டிக் தாள் எங்குமே வேண்டாம்.

கான்கிரீட் முடிந்து மேல்தளத்து மரச்சட்டங்கள் உட்காரும் இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குளிர் நாளில் அங்கே ஈரக்கையை நீட்டிப் பார், காற்று ஊசியாய்க் குத்தும். ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் ஃபோம் துண்டு வெட்டிச் செருகிச் சுற்றிலும் அடை. எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது. ஆனால் அன்று இரவே மேலே தரையில் வெறுங்காலோடு நடக்க முடிந்தது.

இதெல்லாம் சுவரில் தண்ணீர் கசியாமல் இருந்தால்தான். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா பார். வெளியே மண், முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது சரிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு சதுர பிளாஸ்டிக் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடு. பின்பக்கம் நனைந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. முன்பக்கம் நனைந்தால் அறைக்காற்றிலிருந்து.

எந்தப் பக்கம் நனைந்தது என்று எழுது. சட்டம் அடிக்கிற வாரத்தைச் சொன்னால் லீவு போட்டு வந்துவிடுகிறேன். இரண்டு பேர் பிடித்தால்தான் பலகை நேராக உட்காரும்.

அன்புடன்,
பாலு