எங்கள் லயத்தில் யாரும் ஒளிய முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக வரும் துப்பறியும் நாவல்களுக்கும், உளவு, தீவிரவாதம் பற்றிய நூல்களுக்கும் தாங்கள் தனிப் பக்கங்கள் ஒதுக்கியிருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து தமிழர்கள் ஆசையாகப் படித்துவரும் எழுத்து இது. இலக்கியப் பக்கங்கள்தாம் இதை வெகுகாலம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தன. ஆனால் இந்தக் கதைகளில் எங்கள் மலையும் எங்கள் மக்களும் படும் பாட்டைப் பற்றி இங்கிருந்து ஒருவராவது சொல்லியாக வேண்டும்.

வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி, அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, கூடலூரைச் சுற்றி இரண்டு மாநில எல்லைகள். உளவுக் கதை எழுதுபவரின் கண் நீலகிரி மீது விழுவது இயல்பு. விழட்டும். ஆனால் நான் படித்த பல கதைகளில், எங்கோ குண்டு வைத்துவிட்டு ஓடிவருபவன் கடைசியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் பதுங்குகிறான். அவனுக்கு இடம் கொடுப்பவர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தொழிலாளி. அவருக்கு ஊர், உறவு, கவலை எதுவும் இல்லை. பதுக்குவது ஒன்றுதான் அவருக்குக் கதையில் வேலை.

நான் அப்படிப்பட்ட தொழிலாளி ஒருவரின் மகள். கூடலூருக்கும் பந்தலூருக்கும் இடையில் ஒரு தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தேன். 1964-ஆம் ஆண்டு இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. அந்த மக்களில் யாரையும் அது கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. எங்கள் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு, கண்டிச் சீமைக்குப் பிழைக்கப் போனவர்கள். நாவல்களிலோ எங்களை யாழ்ப்பாணத்துத் தமிழ் பேச வைக்கிறார்கள். இலங்கை என்றாலே எல்லாம் ஒன்று என்று எண்ணிக்கொள்பவர் தீவிரவாதத்தைப் பற்றி என்ன எழுதிவிட முடியும்?

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். எங்கள் லயத்தில் வீடுகளுக்கு நடுவே இருந்த சுவர் கூரை வரை எழும்பாது. ஒரு வீட்டில் குழந்தை இருமினால் நான்காம் வீட்டு ஆச்சி மறுநாள் கஷாயம் கொண்டுவருவார். தண்ணீர்க் குழாய் எல்லோருக்கும் பொது. இரவு ஒரு விருந்தாளி வந்து இறங்கினால், காலையில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போதே யார், எந்த ஊர், எத்தனை நாள் என்று கேள்வி வந்துவிடும். பிரட்டு எடுக்கும், அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரத்துக்குள் மேஸ்திரிக்கும் தெரிந்துவிடும். இங்கே ஓர் அந்நியனை ஒரு மாதம் மறைத்து வைப்பதாக எழுதுபவர் லயத்தில் ஒரு வேளைத் தேநீர்கூடக் குடித்திருக்க மாட்டார். கொழுந்துக் கூடைக்கு அடியில் துப்பாக்கி கடத்தும் காட்சியும் அப்படித்தான். கொழுந்தைக் கீழே கொட்டி, கையால் அளைந்து, முற்றிய இலை கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நிறுப்பார்கள். கதாநாயகன் ஒரே மூச்சில் மாநில எல்லையைத் தாண்டுகிறானே, அந்த வழிகளில் நாடுகாணி, கக்கநல்லா, பாட்டவயல் என்று சோதனைச்சாவடிகள் இருக்கின்றன.

தீவிரவாதம் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லைக்கு அந்தப் புறம் கேரளத்து நிலம்பூர்க் காட்டில் 2016 நவம்பரில் மாவோயிஸ்டுகள் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி விசாரித்து எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறோம். காட்டோரம் வாழ்பவர்கள் இரு தரப்புக்கும் நடுவில் எப்படிப் பயந்து கிடந்தார்கள் என்பதே ஒரு பெரிய நாவலுக்குப் போதும்.

கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது நான் பள்ளி மாணவி. அடுத்த சில வாரங்களில் எங்கள் லயத்துக்கும் விசாரிக்க வந்தார்கள். தாயகம் திரும்பியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையை அப்பா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். வந்தவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த நேரம் முழுவதும் அப்பா நின்றுகொண்டே இருந்தார். அதுவரை எங்களோடு சிரித்துப் பேசிய கடைக்காரர் சில நாள்கள் முகம் கொடுக்கவில்லை. அந்தச் சந்தேகத்துக்குத்தான் இந்த நாவல்கள் இன்றும் தீனி போடுகின்றன.

ராஜீவ் காந்தி கொலை வழக்கிலேயே 1998-இல் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணனை 1994-இல் உளவாளி என்று கைது செய்தார்கள். பத்திரிகைகள் அதைத் தொடர்கதை போல எழுதித் தீர்த்தன. 1996-இல் சிபிஐ அது பொய் வழக்கு என்றது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 2018 ஆகிவிட்டது. ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவரின் சொல் ஒத்துவந்தால்தான் நம்ப வேண்டும் என்கிறார். மன்னனுக்கே அவ்வளவு எச்சரிக்கை வேண்டுமானால், ஒரு மக்கள் கூட்டத்தையே சந்தேக வட்டத்துக்குள் நிறுத்தும் எழுத்தாளர் அவர்களில் மூன்று பேரிடமாவது பேசிவிட்டு எழுதக்கூடாதா?

அப்படி எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற கூட்டம் சரின் நச்சுவாயுவைப் பரப்பியது. நாவலாசிரியர் ஹாருகி முரகாமி அதைப் பற்றி நூல் எழுத முனைந்தபோது முதலில் தேடிப்போனது அந்த ரயிலில் இருந்தவர்களை. அவர்கள் என்ன வேலை செய்தார்கள், அன்று எந்தப் பெட்டியில் ஏறினார்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதினார். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களிடம் பிறகுதான் போனார். சாதாரண மனிதர்களின் காலைப்பொழுது தெரிந்த பிறகு படிக்கும்போது வரும் பதைப்பு, வெறும் துரத்தலில் வருவதில்லை.

தங்கள் பக்கங்களில் எழுதும் விமர்சகர்கள் வேகத்தையும் திருப்பத்தையும் புகழ்வதோடு நின்றுவிடுகிறார்கள். உண்மைச் சம்பவம் என்று அட்டையில் போட்டிருந்தால், எது நீதிமன்ற ஆவணத்தில் இருப்பது, எது ஊகம் என்று அவர்கள் கேட்டு எழுத வேண்டும். மலையை வைத்து எழுதிய நாவல் வந்தால் மலையில் இருப்பவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். லயத்தில் பிறந்து ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் ஆனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் நிறைய இருக்கிறோம். எழுதித் தருவதற்கு நான் தயார். என் முகவரி தங்கள் சந்தாதாரர் பட்டியலிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கூடலூர், நீலகிரி மாவட்டம்