படத்தில் தெரியாத 28 காதுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் கோவைப் பதிப்பில் கல்லூரி மாணவர்கள் கட்டிய பந்தயக் காரின் படம் வந்திருந்தது. எஞ்சின் எத்தனை சிசி, எவ்வளவு வேகம் போகும், எத்தனை லட்சம் செலவு என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் கடைசிப் பத்தியில், சஸ்பென்ஷன் பொருத்தும் வேலை இரண்டே நாளில் முடிந்ததாக ஒரு வரி இருந்தது. பின்பக்கத்துக்கு வெல்டிங் வைத்தவன் நான். இரண்டு நாள் இல்லைங்க, பதினேழு நாள். அதில் ஆறு நாள் நான் செய்த தப்பைத் திருத்தவே போனது.

கணபதியில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஐடிஐ வெல்டர் படிப்பு 1987இல் முடித்தேன். ஸ்பின்னிங் மில் மெஷின் ஃபிரேம், பம்புக்கான பேஸ் பிளேட், ஹோட்டலுக்கு ஸ்டெயின்லெஸ் மேஜை என்றுதான் காலம் போனது. பந்தயக் கார் எனக்குப் புதிது. ஆனால் இந்த ஊருக்குப் புதிதில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995இல் அவர் இறந்த பிறகு, செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த ஓடுதளத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாடு முழுவதிலுமிருந்து மாணவர்கள் அங்கே வந்து நான் பார்த்திருக்கிறேன். அதற்குத் தயாரான ஒரு குழுதான் என் பட்டறைக்கு வந்தது. நான்கு பையன்கள், ஒரு பொண்ணு. "அண்ணா, பின்னாடி பிராக்கெட் மட்டும் வெச்சுக் குடுங்கண்ணா" என்றார்கள். மட்டும் என்று சொன்னதால் நானும் சரி என்றேன்.

அந்தக் காருக்கு உடம்பு என்பதே இரும்புக் குழாய்க் கூண்டுதான். பெரும்பாலும் ஒரு அங்குலக் குழாய். பின்பக்கத்தில் பல இடங்களில் அதன் சுவர் 1.6 மில்லிமீட்டர்தான். பின்சக்கரத்தைக் கூண்டோடு பிடித்திருப்பவை மேலே ஒரு விஷ்போன் (V வடிவக் கை), கீழே ஒரு விஷ்போன், சக்கரம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லும் டோ ராடு, அப்புறம் ஷாக் அப்சார்பரும் அதை இயக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோலும். கூண்டில் இவை வந்து சேரும் இடம் ஒரு பக்கத்துக்கு ஏழு. ஒவ்வொரு இடத்திலும் காது மாதிரி இரண்டு தகடு, இந்த ஜோடிதான் பிராக்கெட். நடுவில் உருண்டை பேரிங் உட்கார, குறுக்கே 8 மில்லிமீட்டர் போல்ட் போகும். ஆக, இரண்டு பக்கமும் சேர்த்து 28 காது. லேசரில் வெட்டிய 3 மில்லிமீட்டர் தகடு, எடை ஒன்றுமே இல்லை. வளைவில் போகும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பின்சக்கரத்தில் விழும் பலம் முழுவதும் இவற்றின் வழியாகத்தான் கூண்டுக்குப் போகிறது.

வலது பக்கத்தை ஒழுங்காகத்தான் செய்தோம். கூண்டை மேஜையோடு கிளாம்ப் போட்டு இறுக்கினோம். ஒரே அச்சில் வரவேண்டிய காதுகள் எல்லாவற்றுக்குள்ளும் பிரைட் பார் என்ற நீளமான, நேரான இரும்புக் கம்பியை விட்டு, இடைவெளிக்கு லேத்தில் கடைந்த புஷ் வைத்து, ஒரு காதுக்கு நான்கு டாக் (தற்காலிகமாகப் பிடிக்க வைக்கும் வெல்டிங் பொட்டு) போட்டோம். அளந்து பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். அதையும் ஒரே மூச்சில் வைக்கவில்லை. இங்கே ஒரு அங்குலம், அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு அங்குலம், பிறகு கை பொறுக்கும் சூடு வரும்வரை டீ. ஆர்கன் வெல்டிங்தான், 70 ஆம்பியரைத் தாண்டவில்லை. மூன்று நாள் ஆனது.

இடது பக்கத்துக்கு வரும்போது பையன்களுக்கு அவசரம். ஏதோ ஆவணம் அனுப்பக் கடைசித் தேதி, அதில் முடிந்த கூண்டின் படம் வேண்டுமாம். அன்றைக்குப் பார்த்து மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை, ஏழு மணிக்குத்தான் வந்தது. காதுக்கு இரண்டே டாக் போட்டு, டோ ராடு மூலையில் இருந்த காதுகளைச் சுற்றிச் சுற்றி ஒரே மூச்சில் வைத்துவிட்டேன். அடுத்த மூலைக்குப் பார் வேண்டும் என்பதால் சூடு ஆறும் முன்பே உருவியும் விட்டேன். பார் லேசில் வரவில்லை, சுத்தியலால் தட்டித்தான் எடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டிங் வைத்தவனுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டாமா? வெல்டிங் ஆறும்போது சுருங்கி, காதையும் இழுத்துக்கொண்டு குழாயையும் வளைத்துவிட்டது. காலையில் அளந்தால் டோ ராடு பிராக்கெட் வலது பக்கத்தைவிட 3 மில்லிமீட்டர் இறங்கி நிற்கிறது.

மில் மெஷின் ஃபிரேமில் 3 மில்லிமீட்டர் என்றால் ஓட்டையைக் கொஞ்சம் நீளமாக்கிவிட்டுப் போவோம். அதையேதான் இங்கேயும் சொன்னேன். அந்தப் பொண்ணு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வகுப்பில் பாடம் நடத்தும்போது காட்டும் லேசர் விளக்கைச் சக்கரத்தில் டேப் போட்டு ஒட்டி, சுவரில் ஒரு அட்டையைச் சாய்த்து வைத்தாள். ஜாக்கியால் சக்கரத்தை மெதுவாக ஏற்றி இறக்கினாள். வலது பக்கம் சிவப்புப் புள்ளி நூல் பிடித்த மாதிரி நேராக ஏறி இறங்கியது. இடது பக்கம் பூவன் பழம் போல வளைந்த ஒரு கோடு. சக்கரம் மேலே ஏறும்போது ராடு தப்பான வட்டத்தில் ஆடி, சக்கரத்தைத் தானாகவே திருப்புகிறது. போட்டி விதிப்படி சக்கரம் மொத்தம் 50 மில்லிமீட்டராவது மேலும் கீழும் போய்வர வேண்டும். அந்த 50க்குள்ளேயே இவ்வளவு திருப்பம். "முன்னாடி வீலா இருந்தா ஸ்டியரிங் கையில சொல்லும்ணா. பின்னாடி சொல்லாது. பிரேக் புடிச்சா வால் தானாத் திரும்பும்" என்றாள். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

கிரைண்டரில் மெல்லிய வீல் போட்டுக் காதுகளை வெட்டினேன். வெல்டிங்கைத் தேய்க்கும்போது குழாயின் சுவரும் கூடவே தேய்ந்தது. 1.6 மில்லிமீட்டரில் தேய்க்க என்ன இருக்கிறது? இரண்டு மூட்டுக்கும் நடுவில் அந்தக் குழாயையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஆறு நாள் இப்படித்தான் போனது. கூலி வாங்கவில்லை.

தப்பு என்னுடையதுதான், ஆனால் முழுவதும் என்னுடையது இல்லை. கம்ப்யூட்டரில் அவர்கள் போட்டிருந்த படம் அவ்வளவு அழகு. அதில் வெல்டிங்குக்குக் கனமே கிடையாது, தகடும் குழாயும் கோட்டோடு கோடாக ஒட்டியிருக்கும். கீழ் விஷ்போனின் பின்காது மூன்று குழாய் கூடும் மூலைக்குள் இருந்தது. என் வெல்டிங் டார்ச்சின் முனைக் குப்பியே அதற்குள் நுழையவில்லை. டார்ச்சின் டங்ஸ்டன் ஊசியை நீளமாக நீட்டி வைத்தால், காற்றுப் படாமல் காக்கும் ஆர்கன் கேஸ் எட்டாமல் வெல்டிங் கறுத்துப் பொத்தல் விழுகிறது. (புழுக்கமாக இருக்கிறதே என்று ஒரு பையன் டேபிள் ஃபேனைப் போட்டு, இருந்த கேஸையும் ஊதிவிட்டது தனிக் கதை.) 12 மில்லிமீட்டர் தள்ளி வைத்திருந்தால் சுலபமாக வைத்திருப்பேன். படம் போடும்போதே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். யாரைக் கேட்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம். முதலாண்டு ஒர்க்‌ஷாப் வகுப்பில் தகட்டோடு தகடு முட்ட வைக்கும் பட் ஜாயிண்ட், மேல் மேலாக வைக்கும் லேப் ஜாயிண்ட் என்று ஆளுக்கு ஒவ்வொன்று வைத்ததோடு சரி, அதற்குப் பிறகு வெல்டிங் ஹோல்டரைத் தொட்டதில்லை.

ஐடிஐயிலும் கதை இதேதான். வெல்டர் படிப்பு ஓராண்டு, மோட்டார் மெக்கானிக் இரண்டாண்டு. வெல்டர் பையன் தட்டைத் தகட்டிலும் குழாயிலும் அருமையாக வைப்பான். வைத்த பிறகு சக்கரம் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மெக்கானிக் பையனுக்குச் சக்கரத்தின் கோணமெல்லாம் தெரியும், வெல்டிங் இழுக்கும் என்பது தெரியாது. அடுத்தடுத்த கட்டடத்தில் படிக்கிறார்கள். இரண்டு பேரையும் நான்கு வாரம் ஒரே கூண்டின் முன்னால் நிறுத்தினால் போதும், மெஷின் எல்லாம் அங்கேயே இருக்கிறது. உங்கள் கல்விப் பக்கத்தில் யாராவது இதை எழுதினால் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. உங்கள் படம் வந்த மறுநாளே, ரோட்டில் ஓட்டும் காரோடு இரண்டு தம்பிகள் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். ஸ்பிரிங்கை வெட்டிக் காரை இறக்கியாயிற்று, பின்னால் பிராக்கெட் வைத்து ஒட்டித் தர வேண்டுமாம். முடியாது என்று அனுப்பிவிட்டேன். நம் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் பின்னால் இருப்பது, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே முறுகி முறுகி மீளும்படி செய்த ஒரே பீம். அதில் கண்ட இடத்தில் சூடு காட்டினால் அந்த ஓரத்தில்தான் ஒரு நாள் விரிசல் ஆரம்பிக்கும். சட்டமும் விடாது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஓடுதளத்தில் ஓடும் காரை ஒரு போல்ட் விடாமல் சோதிக்கிறார்கள். 60 டிகிரிக்குச் சாய்த்து வைத்துக்கூடப் பார்க்கிறார்கள். அவிநாசி ரோட்டில் யார் பார்ப்பது? படம் போடும்போது அதையும் ஒரு வரி சேர்த்துப் போட்டிருக்கலாம்.

மற்றபடி அந்தப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. போட்டி முடிந்து வந்த பிறகு கூண்டைத் திரும்ப என் மேஜையில் ஏற்றி, 28 காதையும் தின்னர் போட்டுத் துடைத்து, டார்ச் லைட் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். விரிசல் இல்லை. எனக்குத் தெரிந்து இரண்டாவது தடவை வைத்த காதின் வெல்டிங்தான் எல்லாவற்றிலும் அழகு. இடது பக்கம், கீழே. உங்கள் படத்தில் அதை டயர் மறைக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வெல்டர்,
கணபதி, கோயம்புத்தூர்.