இறந்து 59 ஆண்டு கழித்து வாதாடியவர்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

யூத வரலாற்றைப் பெருமக்களின் வாழ்க்கை வழியே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் உங்கள் சிறுநூல் வரிசை, பழைய பிழைகளோடே இரண்டாம் பதிப்பும் கண்டுவிட்டது. அவற்றைச் சுட்டிய கடிதங்கள் உங்களிடமே இருக்கின்றன, மறுபடி ஒப்பிக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டு யூதத் தத்துவ அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ் பற்றிய நூலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அதன் கடைசி அத்தியாயத்தில், 1263இல் பார்சிலோனாவில் அரகோன் அரசர் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் மைமோனிடிஸ் சமய வாதம் செய்கிறார். எகிப்தில் 1204 டிசம்பரிலேயே காலமானவர் அவர். திபேரியாவில் அவருடையதென்று மரபு காட்டும் கல்லறையிலிருந்து எழுந்து கடல் தாண்டிப் போனார் போலும்! வாதாடியவர் ஜெரோனா ஊர் யூத அறிஞர் நஹ்மானிடிஸ். மைமோனிடிஸை, அதாவது மைமோனின் மகன் மோசேயை, சுருக்கமாக ரம்பாம் என்பார்கள்; நஹ்மானிடிஸ், அதாவது நஹ்மானின் மகன் மோசே, ரம்பான். ஓரெழுத்தில் ஆள் மாறிவிடும். தந்தை பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் சேர்த்துச் சரிபார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

இறந்த ஆண்டும் 1205 என்று அச்சாகியிருக்கிறது. எப்படி வந்தது என்பது தெரிந்ததுதான்: எபிரேய ஆண்டு 4965இலிருந்து 3760ஐக் கழித்துவிட்டீர்கள். எபிரேய ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறக்கிறது. அங்கிருந்து டிசம்பர் முடியும்வரை 3761ஐக் கழிக்க வேண்டும். அவர் இறந்தது எபிரேய மாதமான தேபேத் 20. அதாவது 1204 டிசம்பர் 13.

இதனால் அல்லல்படுவது யார்? ஆசிரியர் சொன்னபடி சார்ட் தாளில் காலக்கோடு வரையும் ஏழாம் வகுப்புப் பிள்ளை. உங்கள் நூலை நம்பி இறப்பை 1205இல் குறித்து, அடுத்த பக்கத்து வாதத்தை 1263இல் குறிக்கும்போது கோடு பொருந்தாது. பிள்ளை தன் கணக்கைத்தான் சந்தேகப்படும், அச்சடித்த நூலையல்ல. அழித்தழித்துத் தாள் கிழிந்த பிறகும் விடை வராது. விற்ற படிகளுக்கும் சேர்த்துத் திருத்தத் தாள் வெளியிடுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

பிழையைவிட, விட்டுப்போனது பெரிது. "சுல்தான் சலாஹுத்தீனின் அரசவை மருத்துவரானார்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறீர்கள். ஏன் மருத்துவத்தை நம்பிப் பிழைக்க வேண்டிவந்தது? வணிகம் செய்து குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது, இந்தியாவுக்குக் கப்பலேறி இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். பாலைவனம் கடந்து செங்கடல் துறைமுகம் ஐதாபுக்கு வந்ததையும், அங்கே வாங்கத்தக்க சரக்கு இல்லாததால் இந்தியாவுக்கே போகத் துணிந்ததையும் அவர் அண்ணனுக்கு எழுதிய கடிதம், பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்துத் தாள் குவியலில் கிடைத்தது. செய்தி வந்தபின் ஏறத்தாழ ஓராண்டு படுக்கையில் கிடந்ததை மைமோனிடிஸே எழுதியிருக்கிறார். தத்துவம், சட்டம், கடல் வணிகம் எல்லாம் ஒரே வீட்டுக்குள் இருந்த காலம் அது. இதை விட்டுவிட்டு அட்டையில் தலைப்பாகைப் படம் போட்டு, "அவர் காலத்து ஓவியம்" என்கிறீர்கள். அது 18ஆம் நூற்றாண்டு நூலொன்றில் வந்த கற்பனைப் படம். அவர் கைப்பட எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இருக்கின்றன. அட்டைக்கு அதில் ஒன்று போதாதா?

இனி வரிசை. கி.மு. 160இல் மாண்ட யூதக் கிளர்ச்சித் தலைவர் யூதா மக்கபேயுவுக்கும் 1860இல் பிறந்த சியோனிய இயக்கத் தலைவர் ஹெர்ட்ஸலுக்கும் நடுவே இந்த ஒருவர்தான். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக்கு ஒரே ஆள், அவரிடமும் இன்னொருவர் வாழ்க்கை கலந்திருக்கிறது! கி.பி. 70இல் எருசலேம் கோயில் இடிந்தபின் யவ்னே ஊரில் யூதக் கல்வியை நிலைநிறுத்திய யோஹனான் பென் சக்காய் வேண்டும்; சவப்பெட்டியில் ஒளிந்து எருசலேமை விட்டு வெளியேறிய கதையை மரபுக்கதை என்றே சொல்லலாம். பிரான்சின் துருவா நகரத்து விவிலிய உரையாசிரியர் ராஷி வேண்டும் (1040–1105): அவர் பயின்ற வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களின் யூதர்களை 1096இல் சிலுவைப் போர்க் கும்பல் கொன்று குவித்தது அவர் வாழ்நாளிலேயே. பெண்களில் எஸ்தருக்கு அடுத்து ஆன் ஃபிராங்க் என்று தாவாமல், லிஸ்பனிலிருந்து இஸ்தான்புல்வரை அடைக்கலம் தேடியும் பிறருக்குத் தேடித்தந்தும் வாழ்ந்த 16ஆம் நூற்றாண்டு வணிகப் பெண்மணி கிராசியா நாசியைச் சேருங்கள்.

தமிழில் யூதர் என்றாலே ஒன்று விவிலியம், இல்லாவிட்டால் ஹிட்லர். நடுவில் அவர்கள் மூச்சுவிடவே இல்லையா? பக்கத்துக் கேரளத்தில், கி.பி. 1000 வாக்கில் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் 'இசுப்பு இரப்பான்' என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் தந்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை என்று வரும் அதன் பட்டியலை இன்றைய தமிழ் எழுத்தில் தந்தால் தமிழ்ப் பிள்ளை எழுத்துக்கூட்டியே படித்துவிடும். மொழிபெயர்ப்புச் செலவுகூட இல்லை.

கோபம் சற்று முந்திக்கொண்டது, பொறுத்தருளுங்கள். பணிவாகக் கேட்பது இவ்வளவே: திருத்தத் தாளை இப்போதே வெளியிடுங்கள், நடுக்காலத்து ஆட்களைச் சேர்க்காமல் மூன்றாம் பதிப்பை அச்சுக்கு அனுப்பாதீர்கள். கையெழுத்துப்படியை முன்கூட்டியே தந்தால், ஆண்டுகளையும் பெயர்களையும் ஊதியமின்றிச் சரிபார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
வரிசையின் வாசகர் ஒருவர்