துணியைத் தின்ற மண்ணும் கூட நின்ற நீங்களும்

தோட்டத்தில் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

நம் தோட்டத்து மண்ணை வைத்து நடத்திய ஓவியக் கண்காட்சி முடிந்து இரண்டு வாரம் கழித்து நன்றி சொல்கிறேன், அசதிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் நன்றி பழைய பருத்திச் சட்டைகளைக் கொடுத்தவர்களுக்கு. ஒன்றை மூடாக்குப் போட்ட (சருகு பரப்பி மண்ணை மூடிய) பாத்தியிலும் இன்னொன்றை வண்டி நின்று நின்று இறுகிப்போன ஓரத்திலும் புதைக்கலாம் என்றபோது "இதெல்லாம் ஓவியமா?" என்று சிரித்தீர்களே, 60 நாள் கழித்துத் தோண்டியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் புதைத்தது கறை பிடித்து முழுசாக வந்தது. பாத்தியில் போட்டதில் சல்லடைக் கண்ணாக ஒரு கந்தலும் தையல் நூலும்தான் மிச்சம். பருத்தி என்பது செல்லுலோஸ், அதாவது செடியின் நார்ப்பொருள்; பாத்தி மண்ணில் இருந்த பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைத் தின்றுவிட்டன, பாலியஸ்டர் நூலைச் சீண்டக்கூட இல்லை. இரண்டையும் சட்டம் போட்டு மாட்டினோம். கூட்டம் அங்கேதான் நின்றது, நான் மாதக்கணக்கில் வரைந்த படங்களுக்கு முன்னால் இல்லை (கொஞ்சம் பொறாமைதான்).

அப்புறம் வண்ணக் குழு. மண்ணைச் சலித்து, தண்ணீரில் கலக்கி, மணல் இறங்கியதும் மேல் கலங்கலை மட்டும் இறுத்து, களி படிய ஒரு நாள் பொறுத்திருந்து, காயவைத்து அரைத்து வேலம்பிசின் சேர்த்தீர்கள். ஆழத்து மண் இரும்பு ஆக்சைடால் சிவப்பாக வர, பாத்தியின் மேல்மண் மட்டும் மட்கிய இலைதழை சேர்ந்து கரும்பழுப்பாக வந்ததே, அந்த ஒரு நிறத்துக்கு நமக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. பிசின் குறைந்தால் வண்ணம் உதிரும் என்று அக்கா நாலு தடவை சொன்னார். கேட்காதவன் நான், வண்ணம் உதிர்ந்து கறையான என் சட்டையே சாட்சி.

உரக்குவியல் நாறியதற்கும் நான்தான் காரணம், பச்சைக் கழிவை மட்டுமே கொட்டிக்கொண்டிருந்தேன். காய்ந்த சருகை மூட்டை மூட்டையாகச் சுமந்துவந்து கலந்து புரட்டிப்போட்ட தம்பிகளுக்கும், அதுவரை மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுத்துப்போன பக்கத்து வீட்டாருக்கும் பெரிய கும்பிடு.

அவுரி இலையைச் சாயத்துக்கு எடுத்த கையோடு சக்கையைப் பாத்திக்கே திருப்பிக் கொடுத்தவர்களையும் மறக்கவில்லை.

சரி, அந்த இறுகிய ஓரத்தில் இப்போது மண்ணுக்கே உரமாகும் சணப்பைச் செடியை விதைத்திருக்கிறோம். பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதுவிட்டு, மட்கியதும் அதே இடத்தில் மறுபடி ஒரு துணி புதைக்கப் போகிறேன். வீட்டில் பழைய பருத்தி இருந்தால் எடுத்து வையுங்கள், பாலியஸ்டர் கலக்காததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.