மகளின் கால்குலேட்டர்

பினாங்கு

அன்புக் கூட்டாளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்ததாக எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். டியூஷனுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

உன் மகள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அவளிடம் இருக்கும் டிஐ-89 கால்குலேட்டர் 1998-இல் வந்தது. பழசுதான், ஆனால் இயற்கணிதமே செய்யும். 8-இன் வர்க்கமூலம் கேட்டால் 2√2 என்று நிற்கிறதாம், தசமத்தில் தராதா என்கிறாள். தரும். பச்சை வைரக்குறி பட்டனை அழுத்தி எண்டர் தட்டினால் 2.82843 வரும். துல்லியமா தோராயமா என்று மெஷினே தீர்மானிக்கும் ஆட்டோ மோடில், 8-க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தாலே போதும், தோராயக் கணக்குக்கு மாறிவிடும்.

ஆனால் எப்போதும் தோராயத்திலேயே வைத்துக்கொள் என்று அவளுடைய தோழிகள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2√2-ஐ வர்க்கப்படுத்தினால் 8, சுத்தமாக. திரையில் தெரியும் 2.82843-ஐத் தாளில் எழுதி, அதையே திரும்ப அடித்து வர்க்கப்படுத்தச் சொல்: 8.00002. மெஷின் உள்ளே கூடுதல் இலக்கங்களை வைத்திருக்கும். தாளில் இறக்கும்போதுதான் அவை அறுந்துபோகின்றன. நீளமான கணக்கில் இந்தப் பிசகு வளர்ந்துகொண்டே போகலாம். அதைவிட, 2√2-ஐப் பார்த்ததும் பக்கம் 2 உள்ள சதுரத்தின் மூலைவிட்டம் என்று பிடிபடும். 2.82843-ஐப் பார்த்து யாருக்கு என்ன பிடிபடும்? கடைசி வரி வரைக்கும் துல்லியமாகவே போகட்டும். பலகையை அறுக்க அளவு வேண்டும் என்கிறபோது தசமத்துக்கு வரலாம்.

அப்புறம் அவள் கேட்ட அந்த 36. (எக்ஸ் + 1)-இன் வர்க்கத்தை விரிக்கச் சொன்னால் வெறும் 36 வருகிறது என்றால், எக்ஸுக்குள் முன்பு சேமித்த பழைய 5 உட்கார்ந்திருக்கிறது. மெஷினை அணைத்துப் போட்டாலும் அது போகாது. எஃப்6 மெனுவில் ஓரெழுத்து மாறிகளை மொத்தமாக அழிக்கும் வசதி உண்டு. புதுக் கணக்கு தொடங்கும்முன் அதைச் செய்யப் பழகட்டும். ஒரு தடவைக்கு மட்டும் 5 வேண்டுமென்றால் சேமிக்கவே வேண்டாம்; கோவையை எழுதி, செங்குத்துக் கோடு போட்டு, எக்ஸ் = 5 என்று அடித்தால் விடை வரும், எக்ஸ் காலியாகவே இருக்கும். எக்ஸையும் ஒய்யையும் பெருக்கும்போது நடுவில் பெருக்கல் குறி கட்டாயம். ஒட்டி எழுதினால் இரண்டெழுத்துப் பெயருள்ள ஒரே மாறி என்று எடுத்துக்கொள்ளும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அவளையே எனக்கு எழுதச் சொல். தைப்பூசத்துக்கு இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், மாடி அறையை ஒழித்துவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பினாங்குக் கூட்டாளி